திராட்சைக் குலை தைத்த துணி

எய்யா,

புதன்கிழமை சாயங்காலம் உன் வருங்கால மாமியார் நாசரேத்திலிருந்து போன் செய்தார். சனிக்கிழமை நம் வீட்டைப் பார்க்க யார் யார் வருகிறார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் மீன் சாப்பிடுவதில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. இப்போதே என்னை மைனி என்று கூப்பிடுகிறார். எனக்கும் பிடித்திருந்தது. பிறகு குரல் இளகியது. "மைனி, ஒண்ணு சொல்லணும். ஒங்க வீட்ல டிவியே கிடையாதுன்னு மாப்பிள்ள சொன்னாவ. தூத்துக்குடி டவுனுக்குள்ள இருந்துக்கிட்டு இப்படி ஒரு குடும்பமான்னு எங்க வீட்ல ஒரே சந்தோசம்."

நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. போனுக்காகச் சத்தத்தை மட்டும் குறைத்திருந்தேன். பச்சைப் புல்லில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் முழங்காலைப் பிடித்தபடி கிடந்தான்.

"இருக்கு," என்றேன்.

"என்னது மைனி?"

"டிவி இருக்கு. இப்ப ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது. "அப்படியா," என்றார். "சரி மைனி. இவுககிட்ட பேசிட்டுச் சொல்லுதேன்." சனிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி அதன் பிறகு பேச்சு வரவில்லை.

உன் செய்தி ஒரு மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து வந்தது. 'ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க. ஒரு நாள். ஒரே ஒரு நாள் உள்ள எடுத்து வச்சிருக்கக் கூடாதா.' திங்கட்கிழமையே நீ அதைக் கேட்டாய். நான் 'பாப்போம்' என்றேன். அப்போது எனக்குத் தெரியாது, இல்லை என்று நீ அவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாய் என்று. எடுத்து வைப்பது வேறு. இல்லை என்பது வேறு.

போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் நான் அழுவேன், நீ ஜெயிப்பாய். அதனால் எழுதி, போனிலேயே அனுப்புகிறேன். ஒட்டிய உறைக்குள் வைத்து அல்ல. இதை யாரும் படிக்கலாம். நம் தெருவில் படிக்கலாம், சபையில் படிக்கலாம், நாசரேத்தில் படிக்கலாம். மூடி வைத்துப் பிழைத்தது போதும். 'இருக்கு' என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. வேறு இரண்டுக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று உன்னிடம். இன்னொன்று, கேட்க ஆள் இல்லை.

முதலில் உன்னுடையது.

உனக்கு அப்போது ஏழு வயது. அந்த நாளில் நாம் போய்க்கொண்டிருந்த சபையில் சினிமா பாவம், டிவி அதன் தம்பி. நகையும் கூடாது. என் கல்யாணத்தன்று காலையில் காதுக் கம்மலைக் கழற்றி வைத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, இன்றும் போடுவதில்லை. என் காது, என் முடிவு. ஆனால் டிவியை நான்தான் வாங்கினேன். கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். உன் அப்பா வேண்டாம் என்று ஒரே ஒருமுறை சொன்னார். பெட்டியைப் பிரித்ததும் முதலில் போய் எதிரே உட்கார்ந்தது அவர்தான். கணக்கு வாத்தியார், சபையில் பாட்டு நடத்துகிறவர், ஒற்றர் படம் என்றால் சாப்பாட்டுத் தட்டோடு நகர்ந்து நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் போய்விடுவார்.

அதற்கு ஒரு துணி தைத்தேன். வெள்ளைத் துணி, ஊதா நூலில் ஒரு திராட்சைக் குலை, பச்சையில் இரண்டு இலை. ஆள் வரும் சத்தம் கேட்டால் துணி விழும், துணிமேல் வேதாகமம், பக்கத்தில் ஒரு பூ ஜாடி. யாராவது கேட்டால் அது மேஜை. யாரும் கேட்டதில்லை. இப்போது யோசித்தால் அந்தச் சபையில் எத்தனை வீட்டில் அப்படி மேஜைகள் இருந்தனவோ.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் முறை வைத்து ஒவ்வொரு வீடாக வரும். அந்த வாரம் நம் வீடு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஒற்றர் படம் ஓடிக்கொண்டிருந்தது, தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள். கதாநாயகன் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவுகிற நேரம் கரண்ட் போனது. "போகட்டும், நேரமாச்சு, மூடு," என்றார் அப்பா. மூடினேன். ஜாடியை வைத்தேன். பாய் விரித்தேன். சுவிட்சை அமர்த்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை. ஓடாத ஒன்றை யார் நிறுத்துவார்?

பதினைந்து பேர் வந்தார்கள். எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் முழங்கால் போட்டோம். பாஸ்டர் ஐயா ஜெபத்தில் பாதி தூரம் போயிருப்பார், கரண்ட் வந்தது. முதலில் மின்விசிறி சுற்றியது. யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள். பிறகு துணிக்குப் பின்னால் வெளிச்சம். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். திராட்சைக் குலை நீல நிறத்தில் எரிந்தது, பிறகு ஆரஞ்சு, பிறகு மறுபடியும் நீலம். நான் தைத்த நாளிலிருந்து அவ்வளவு அழகாக அது எப்போதும் இருந்ததில்லை. பிறகு துப்பாக்கிச் சத்தம். மூன்று. பிறகு வேதாகமத்துக்கு அடியிலிருந்து ஒரு கனத்த குரல்: "அவனை உயிரோடு பிடியுங்கள்! படச்சுருள் அவனிடம்தான் இருக்கிறது!"

உன் அப்பா எழுந்தார். ஜெப நேரம் என்பதால் கண்ணை மூடியபடியே எழுந்தார். கையால் தடவிக்கொண்டே சுவர் வரை போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து ஒரு சகோதரரின் காலை மிதித்து, தன் இடத்தில் முழங்கால் போட்டார். பாஸ்டர் ஐயா குரலை உயர்த்தினாரே தவிர நிறுத்தவில்லை. எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.

தேநீர் கொடுக்கும்போது அவர் என்னைக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்கவில்லை. உன்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. வீட்ல டிவி இருக்கா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை அசைக்கவில்லை. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன். அவ்வளவுதான். உனக்குப் போதுமானதாக இருந்தது.

"எங்க வீட்ல டிவியே கிடையாது ஐயா. அது பக்கத்து வீட்ல."

பக்கத்து வீடு பலசரக்குக் கடை அண்ணாச்சி வீடு. பாஸ்டர் ஐயாவுக்கு அது போதும். எல்லோரையும் மறுபடி முழங்கால் போடச் சொன்னார். அண்ணாச்சி குடும்பத்துக்காகவும், அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்தப் பெட்டிக்காகவும் பத்து நிமிஷம் ஜெபம். இரண்டு பேர் அழுதார்கள். நான் ஆமென் சொன்னேன். எய்யா, நினைத்துப் பார். மின்னல் விழுந்து எரிந்துபோன டிவியை மாற்ற முடியாமல், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க முறுக்குப் பொட்டலத்தோடு நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த குடும்பம் அது.

மறுநாள் காலை குழாயடியில் அண்ணாச்சி சம்சாரம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏளா, நேத்து எங்க வீட்டு டிவிக்காக அப்படி ஒரு அழுகையும் ஜெபமுமாக் கேட்டுச்சே. நல்லாப் பண்ணுங்க. எரிஞ்சு போனது உசுரோட திரும்பி வந்தாலும் வரும்." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அவர்கள் வீடு மாறிப் போகும்வரை நான் அந்த வீட்டுப் படியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு உன் அப்பா உன்னைத் தூக்கி, "கெட்டிக்காரன்ல," என்றார். நான் பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்து உனக்கு இரண்டு மக்ரூன் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். பயமாக இல்லை, வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் ஆறு மாதம் நீ கல்லூரிப் பக்கமே போகாமல் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அது தெரிந்த அன்று உன்னைக் கதவில் சாய்த்து நிறுத்தி, "இந்தப் பொய்ய எவம்லே ஒனக்குக் கத்துக் குடுத்தான்?" என்று கேட்டேன். பதில் உனக்குத் தெரிந்திருக்கும். மரியாதைக்குச் சொல்லாமல் இருந்திருப்பாய். இருபத்தியோரு வருஷம் கழித்து நாசரேத்தில் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து நீ சொன்ன வாக்கியம், எழுத்து பிசகாமல், அன்று நான் மக்ரூன் கொடுத்து வாங்கிய வாக்கியம். டிவியே கிடையாது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதைக் கற்றுக்கொடுத்தவள் நான். அதனால்தான் அதை உடைக்க வேண்டியவளும் நான்.

இப்போது டிவிக்கு வருகிறேன். அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இது நாலாவது. உப்புக் காற்றில் இந்த ஊரில் எந்தப் பெட்டியும் அதிக நாள் தாங்காது. நான் அதில் என்ன பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டே இரண்டுதான். ஒற்றர் படம். வெளிநாட்டு ஆட்டங்கள். சபை அதைப் பாவம் என்கிறது. நீ அதைவிட மோசம். கல்லூரி லீவில் வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப என்னத்தப் பாக்கிய?"

"ஓடுதாங்கல்ல. அதப் பாக்கேன்."

"எந்த டீமு?"

"நீலச் சட்ட. ஆனா இப்ப மஞ்ச பாவமாத் தெரியுது. மாறிட்டேன்."

"பாதியில மாற முடியாதும்மா!"

"யாரு சொன்னா? எனக்கு யாரும் சட்ட தச்சுத் தரலயே."

நீ தலையில் அடித்துக்கொண்டாய். உனக்கு ஆட்டக்காரர்கள் பிறந்த ஊர் தெரியும், போன வருஷம் அடித்த கோல் தெரியும், அவன் எந்தக் கிளப்புக்கு எதற்காகப் போனான் என்று தெரியும். தோற்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாய். அது ஒரு விதமான பக்தி. எனக்கு அது வேண்டாம். ஒரு பக்தி இருக்கிறது, போதும். எனக்கு ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம் என் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், யார் கோல் போட்டாலும் கை தட்டுவது. டென்னிஸில் அவர்கள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒரு நொடி அப்படியே இருப்பார்களே, அது பிடிக்கும். குண்டு எறிகிற பெண்கள் எறிவதற்கு முன் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே அந்த இரும்பைக் குழந்தை மாதிரி இடுக்கிக்கொள்வது பிடிக்கும். ஆட வாய்ப்பு வராமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை கேமரா காட்டினால் அவனோடு நானும் உட்கார்ந்திருப்பேன். இதற்கு ஆஃப்சைடு எதற்கு? ஒன்றை நேசிக்க அதைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நீயும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷமாக ஏஜென்சியில் என் வேலை க்ரூ லிஸ்ட் அடிப்பது. கப்பல் வரும் முன்னால் அதில் யார் யார் இருக்கிறார்கள், என்ன நாடு, பாஸ்போர்ட் நம்பர் என்ன. ஒரு எழுத்து பிசகினால் அந்த ஆள் கரை இறங்க முடியாது. ஒரு பெயர் 'ஷ்விலி' என்று முடிந்தால் எனக்குப் பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே ஜார்ஜியா என்று தெரியும். 'இச்' என்று முடிந்தால் அந்தப் பக்கம் குரோஷியாவாக இருக்கலாம். ஆனால் ஆட்களை நான் பார்ப்பதில்லை. அவர்கள் கப்பலில், நான் கீபோர்டில். ஆயிரக்கணக்கான பெயர்கள் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன, முகமில்லாமல்.

ஒருமுறை ஒரு ஆயிலர், எஞ்சின் ரூம் ஆள், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறவன், ஃபிளைட்டுக்கு நேரமிருந்ததால் ஆபீஸில் உட்கார வைத்திருந்தார்கள். ஜார்ஜியாக்காரன். ஐம்பது வயது இருக்கும். கையில் எண்ணெய்க் கறை போகாத கோடுகள். என் கம்ப்யூட்டரைக் காட்டி, காலால் பந்து உதைப்பது போலச் செய்தான். அவன் நாட்டு ஆட்டம் அன்று மதியம். தேடிப் போட்டுக் கொடுத்தேன். தேசிய கீதம் ஆரம்பித்ததும் அவன் எழுந்து நின்றான். ஃபைல் அலமாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே, கையை நெஞ்சில் வைத்து, முழுதாகப் பாடினான். நானும் எழுந்து நின்றேன். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "என்ன மேடம், யாரு வந்துருக்கா?" என்று கேட்டார். "ஜார்ஜியா வந்துருக்கு சார்," என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் அவர்கள் வரிசையாக நின்று பாடும் இடம்தான் எனக்கு முக்கியம். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து வரும். நான் அடித்த பெயர்களுக்கு முகம் கிடைக்கும். சிலர் பாடமாட்டார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் பார்ப்பேன். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்கு நிதானமாக விளக்கட்டும். கேட்டுக்கொள்கிறேன். பிறகு டிவி போடுகிறேன்.

ஒற்றர் படத்துக்கு இவ்வளவு பெரிய காரணம் எல்லாம் இல்லை. சிரிக்கத்தான். துறைமுகத்தில் துரத்தும் காட்சி வந்தால் போதும். கன்டெய்னர்மேல் கன்டெய்னராகத் தாவுகிறான், ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை, கேட்டில் ஒருவரும் பாஸ் கேட்கவில்லை. தண்ணீருக்கு அடியில் சண்டை வந்தபோது, சங்கு குளிக்கப் போகிற ஒருவர் டீக்கடை டிவியைப் பார்த்துச் சொன்னார்: "இவன் இன்னும் மூச்சு விடலியே. செவுள் வச்சுருக்கானோ?" கதாநாயகன் லாக்கரைத் திறந்து ஐந்து நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து வரிசையாக வைப்பான். ஐந்திலும் அதே முகம், வேறு வேறு பெயர். அதைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது, ஐயோ இவனை எந்த லிஸ்ட்டில் சேர்ப்பது என்றுதான்.

ஆனால் அந்த லாக்கரைப் பார்த்து ஒருநாள் சிரிப்பு நின்றது. நாம் மூன்று பேரும் அப்படித்தான் இருந்தோம். சபைக்கு ஒரு பெயர், ஹாலுக்கு ஒரு பெயர். கண்ணசைவில் சைகை. பிளக்கைப் பிடுங்கத் தெரிந்த ஒரு ஆள், துணி போடத் தெரிந்த ஒரு ஆள், விசாரணையில் உண்மையைச் சொல்லாத ஒரு சின்ன ஆள். ஒற்றர் படம் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒற்றராக வாழ எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பரவாயில்லை.

இப்போது இரண்டாவது.

உன் அப்பா கடைசி மூன்று மாதம் ஹாலில்தான் கிடந்தார், உனக்குத் தெரியும். கட்டிலை டிவிக்கு எதிரே போடச் சொன்னது அவர். நீ வாரக்கடைசியில் வந்து போவாய். மற்ற நாளெல்லாம் நானும் அவரும் அந்தப் பெட்டியும். பேச முடியாத நாட்களில் யாராவது கோல் போட்டால் விரலை லேசாகத் தூக்குவார். துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. பார்க்க வருகிறவர்களுக்காக அதை டிவிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஹாக்கி. எந்த நாடுகள் என்று இப்போது நினைவில்லை. இரண்டும் சமமாக நின்றன. முடிய நாலைந்து நிமிஷம் இருந்தது. அவர் அன்று நன்றாக இருந்தார். தலையணையில் கொஞ்சம் எழும்பிக்கூட உட்கார்ந்திருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். சபையிலிருந்து நாலு பேர். அவர் என்னைப் பார்த்தார். 'மூடு' என்று சொல்லவில்லை, எய்யா. சத்தியமாகச் சொல்லவில்லை. நானாகத்தான் ஓடினேன். நிறுத்தினேன். துணியைப் போட்டேன். வேதாகமத்தை வைத்தேன்.

அவர்கள் நல்லவர்கள். அன்போடு வந்தவர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தார்கள், பாடினார்கள். அவர் அந்தத் திராட்சைக் குலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனபோது ஆட்டம் எப்போதோ முடிந்திருந்தது. "என்னாச்சு?" என்று கேட்டார். "தெரியலயே," என்றேன். "சரி விடு," என்றார். தூங்கிப்போனார். வியாழக்கிழமை காலையில் போய்விட்டார்.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். தேடவில்லை. அவருக்குத் தெரியாதது எனக்கு எதற்கு?

அந்த நாலு பேரிடம், "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் உக்காருங்க, இது முடியட்டும்" என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை முகம் சுளித்திருப்பார்கள். ஒருவேளை உட்கார்ந்து அவர்களும் பார்த்திருப்பார்கள். எப்படியோ, அவருக்கு அந்த ஐந்து நிமிஷம் கிடைத்திருக்கும். மரியாதைக்குப் பயந்து ஒரு மனுஷனின் கடைசி ஆட்டத்தின்மேல் துணியைப் போட்டேன். இதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? ஆள் இல்லை. அதனால் கேட்காமல், இனி மூடாமல் இருக்கிறேன். என்னால் முடிந்தது அது.

இப்போது புரிகிறதா, ஒரே ஒரு நாள் என்று நீ எழுதியபோது நான் ஏன் பதில் போடவில்லை என்று?

வியாழக்கிழமை முழுவதும் நாசரேத்திலிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. மனசு உறுத்தவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீ கட்டப்போகிற பெனிட்டாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று என்னிடம் போனில் பேசும்போது தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தாளே, அந்தப் பெண்ணை நீ இழந்தால் அதற்கு நான் காரணம் என்று ஆகும். அந்தப் பயத்தோடுதான் ஆபீஸுக்குப் போனேன். இரண்டு க்ரூ லிஸ்ட் அடித்தேன். ஒரு பெயரைத் தப்பாக அடித்துத் திருத்தினேன். சாயங்காலம் வந்து டிவி போட்டேன். கவனம் போகவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

இன்று காலை பெண்ணின் அப்பா கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ள ஏன் இல்லன்னு சொன்னாரு?"

"அது அவன் பொய் இல்ல அண்ணாச்சி. ஏழு வயசுல நான் சொல்லிக் குடுத்தது. அவன் மறக்கல, அவ்வளவுதான்."

அவர் தொண்டையைச் செருமினார். "டிவி வச்சுருக்கது எங்களுக்குச் சம்மதமில்ல. அத நான் மறைக்கல."

"எனக்கு வச்சுக்கிடச் சம்மதம். அத நானும் மறைக்கல."

சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. "சனிக்கிழம வாரோம்," என்றார். "பிள்ள வரணும்னு சொல்லுதா. மாப்பிள்ளகிட்ட அவளே பேசணுமாம். முடிவு அதுக்குப் பொறவுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வந்ததும் ஒரு ஜெபம் பண்ணுவோம். அந்த நேரத்துக்கு மட்டும்..." என்று இழுத்தார்.

"நிறுத்திருதேன் அண்ணாச்சி. மூட மாட்டேன்."

"மூடுததுன்னா?"

"ஒண்ணுமில்ல. வாங்க. மீன் சாப்பிடாதவுக யாருன்னு மைனிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

எய்யா, அந்தப் பிள்ளை உன்னிடம் கேட்கப் போவது டிவியைப் பற்றி அல்ல. அவளுக்கு அது தெரியும், உனக்கும் தெரியும். அவளிடம் நான் கண்ணசைக்க மாட்டேன், உன்னிடமும் மாட்டேன். சமையலறைக்குள் போய்விடுவேன். நீ என்னைப் பார்க்காமல் பதில் சொல். ஏன் சொன்னாய் என்று உண்மையைச் சொல். அவள் போகிறேன் என்றால் அந்த வருத்தத்தை நாம் இரண்டு பேரும் இந்த ஹாலில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், அனுபவிப்போம். இருக்கிறேன் என்றால், உன் வீட்டில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். டிவியே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

துணியை இன்று மதியம் துவைத்து மாடியில் காயப்போட்டேன். ஊதா கொஞ்சம் வெளுத்திருக்கிறது. சனிக்கிழமை அதைச் சாப்பாட்டு மேஜைமேல் விரிக்கப் போகிறேன். அதற்குத்தான் அந்த அளவு சரியாக இருக்கிறது. வேதாகமம் என் கையில் இருக்கும்.

அன்று சாயங்காலம் ஏதோ ஒரு ஆட்டம் இருக்கிறது. யார் யார் ஆடுகிறார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை. யார் தோற்கிறார்களோ அவர்கள் பக்கம்.

அம்மா